கட்டைவிரல் நம்மிடமே இருக்கட்டும்

"வரையறதெல்லாம் பிறவியிலேயே வரணும். அதுக்குக் கையில சரஸ்வதி குடியிருக்கணும்."

திருப்பூரில் எந்தப் பிரிண்டிங் பட்டறைக்குப் போனாலும் இந்தப் பேச்சைக் கேட்கலாம். பாராட்டு மாதிரிதான் சொல்வார்கள். பிரிண்ட் அடிக்கிற தம்பி டீ டைமில் அட்டைத் துண்டில் எதையோ வரைந்துகொண்டிருப்பான். எட்டிப் பார்க்கிறவர் "உனக்கு நல்லா கை வருது கண்ணு, கொடுத்து வெச்சவன்" என்று சொல்லிவிட்டுப் போவார். அவனும் பூரித்துப்போவான். பக்கத்தில் இருக்கிற இன்னொரு தம்பி 'நமக்கு அது எழுதலை' என்று பென்சிலைக் கீழே வைத்துவிடுவான். இரண்டு பேருமே ஏமாற்றப்பட்டார்கள். முதல் ஆள் இனிமேல் கற்க எதுவுமில்லை என்று நினைக்கிறான். இரண்டாவது ஆள் கற்கவே முடியாது என்று நினைக்கிறான்.

பிறப்பால் வருவது என்று இந்த நாட்டில் எதையெல்லாம் சொல்லியிருக்கிறார்கள்? வேதம் பிறப்பால் வரும், கணக்கு பிறப்பால் வரும், வியாபாரம் பிறப்பால் வரும். மலம் அள்ளுவதும் பிறப்பால்தான் வரும். அதே பட்டியலில்தான் இந்த ஓவியமும் இருக்கிறது. 'வரம்' என்கிற சொல்லைக் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் உள்ளே வர்ணம் பல்லிளிக்கிறது. வரைகிறவர்கள் என்று சிலர் பிறக்கிறார்கள், மற்றவர்கள் பார்க்கப் பிறக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொண்டவன் ஆள்கிறவர்கள் என்று சிலர் பிறப்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டியதுதான்.

இதே ஊரில் இன்னொரு கதையும் ஓடுகிறது. பனியன் கம்பெனி முதலாளிகளைக் கேட்டுப் பாருங்கள், "உழைச்சோமுங்க, வந்தோமுங்க" என்பார்கள். சரத் சாரி என்கிற ஆய்வாளர் இந்த ஊரைப் பற்றி 2004இல் ஒரு புத்தகம் எழுதினார். 'சகோதர மூலதனம்' என்று பொருள் வரும் தலைப்பு. தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்கள் தங்கள் வளர்ச்சியை 'உழைப்பு' என்ற ஒற்றைச் சொல்லால் எப்படி விளக்குகிறார்கள் என்பதையும், அந்த உழைப்புக்குப் பின்னால் சாதிக்கார ஆண்களின் உறவும் கூட்டும் எப்படி நின்றன என்பதையும் அதில் காட்டினார். கவனியுங்கள் தோழர்களே. அவர்கள் உயர்ந்தால் அது உழைப்பு. நம்ம வீட்டுப் பிள்ளை நன்றாக வரைந்தால் அது வரம். வரைய வரவில்லை என்றால் அது பிறப்பு. நம் கணக்கில் மட்டும் உழைப்பு என்கிற வரியே எழுதப்படுவதில்லை!

பள்ளிக்கூடம் என்ன செய்தது? 2012இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் எடுத்தது. வாரத்தில் மூன்று அரைநாள் வேலை. நம் பிள்ளைகளின் கைக்கும் கண்ணுக்கும் இந்த அரசு வைத்த விலை அது. அரசுக் கவின்கலைக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் சென்னையிலும் கும்பகோணத்திலும். ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை வாரச் சம்பளத்தை விட்டுவிட்டு அங்கே போய் நான்கு வருஷம் படிக்க முடியுமா? முடியாதவர்களைப் பற்றித்தான் இங்கே பேச்சு. அவர்கள் தாங்களே திட்டம் போட்டுத் தாங்களே கற்க வேண்டும். அது எப்படி, எதற்கு என்பதே விஷயம்.

2

எதை வரையக் கற்பது? 'கான்செப்ட் ஆர்ட்' என்று ஒரு தொழில் இருக்கிறது. கருத்துரு ஓவியம் என்று சொல்லலாம். சினிமாவுக்கு செட் போடுவதற்கு முன்னால், வீடியோ கேம் செய்வதற்கு முன்னால், அந்த உலகம் எப்படி இருக்கும் என்று ஒருத்தர் வரைந்து காட்டுவார். தெரு எப்படி, வீடு எப்படி, சட்டை எப்படி, கையில் இருக்கிற ஆயுதம் எப்படி, சாயங்கால வெளிச்சம் எந்த நிறம் என்றெல்லாம். தச்சரும் தையல்காரரும் கம்ப்யூட்டர்காரரும் அதைப் பார்த்துத்தான் செய்வார்கள். 1977இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு ரால்ஃப் மெக்குவாரி வரைந்த ஓவியங்களைக் காட்டித்தான் ஜார்ஜ் லூகாஸ் படக் கம்பெனியைச் சம்மதிக்க வைத்தார். அந்த உலகம் திரைக்கு வரும் முன்னே காகிதத்தில் வந்துவிட்டது.

நமக்கென்ன வந்தது என்று கேட்கலாம். 1987இல் 'நாயகன்' படத்துக்கு தாராவியைச் சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கட்டி எழுப்பினார் தோட்டா தரணி. தேசிய விருது கிடைத்தது. அந்த வேலையின் திறமையைக் குறைத்துப் பேசவில்லை. கேள்வி வேறு. தாராவியில் வாழ்கிற தமிழர்களில் பெரும்பகுதி யார்? நெல்லைச் சீமையிலிருந்து போன நம் சனங்கள். அவர்களுடைய சந்து, சாக்கடை, தகரக்கூரை எல்லாம் திரையில் வந்தன. அந்தச் சந்தில் பிறந்த யாராவது அந்தத் திட்டப் படத்தை வரைகிற மேசையில் உட்கார்ந்திருந்தார்களா? நாம் எப்போதும் வரையப்படுகிறவர்கள். படத்தில் ஊரும் சேரியும் எங்கெங்கே என்று தீர்மானிக்கிறவர்கள் நாமல்ல.

அது மாறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2014இல் 'மெட்ராஸ்' படத்தில் பா. ரஞ்சித் ஒரு சுவரை வைத்து முழு அரசியலையும் சொன்னார். 2018இல் 'காலா'வின் கடைசிக் காட்சியில் கருப்பும் சிவப்பும் நீலமும் பொடியாகப் பறந்தபோது வசனம் தேவைப்படவில்லை. எந்த நிறம் எந்த இடத்தில் வருகிறது என்பதே வாதமாக இருந்தது. கதை யாருடையது என்று முப்பது வருஷமாகச் சண்டை போட்டோம், வென்றும் வருகிறோம். காட்சி யாருடையது என்கிற சண்டை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. அதற்கு ஆள் வேண்டும். கோஷம் போடுகிற ஆள் போதாது, பெர்ஸ்பெக்டிவ் தெரிந்த ஆள் வேண்டும்.

3

தனக்குத்தானே கற்றவன் என்றால் நமக்கு உடனே நினைவுக்கு வருகிறவன் ஏகலைவன். குருபக்தி என்று இந்தக் கதையைப் பாடப்புத்தகத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். கொடுமை என்று நாம் மேடையில் சொன்னோம். இரண்டிலும் விட்டுப்போன ஒரு விஷயம் உண்டு: ஏகலைவனின் பாடத்திட்டம் வேலை செய்தது! துரோணன் ஒரு நாள்கூடப் பாடம் எடுக்காமலே அருச்சுனனை மிஞ்சினான். காட்டில் தனியாக, தினமும், இலக்கு வைத்துப் பழகியதால் வந்த வித்தை அது. மண் பொம்மையால் வந்ததல்ல. ஆனால் அந்தப் பொம்மையைச் செய்து வைத்ததால்தான் துரோணன் வந்து 'என் தட்சிணை எங்கே' என்று கேட்க முடிந்தது. கற்றுக்கொடுக்காத பாடத்துக்குக் கட்டைவிரலைக் கேட்டான். வில்லைப் பிடிப்பதும் பென்சிலைப் பிடிப்பதும் அந்த விரல்தான்.

இன்றைய மண் பொம்மைகள் யார்? "100 சதவீத வேலை உத்தரவாதம்" என்று பேருந்து நிலையச் சுவரில் போஸ்டர் ஒட்டுகிற அனிமேஷன் சென்டர்கள். இந்த இடத்தில் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவன் என்கிற முறையில் ஒரு கணக்குச் சொல்ல வேண்டும். ஒரு லட்சம் ரூபாயை 12 சதவீத வட்டிக்கு வாங்கி மூன்று வருஷத்தில் அடைத்தால் மாதத் தவணை 3,321 ரூபாய். மொத்தம் ஒரு லட்சத்துப் பத்தொன்பதாயிரத்துச் சொச்சம். கல்விக்கடன் அங்கீகாரம் பெற்ற படிப்புக்குத்தான் கிடைக்கும். தெருமுனை சென்டரின் ஆறு மாதச் சான்றிதழுக்கு அது கிடைக்காதபோது அப்பா அம்மா தனிநபர் கடனுக்கும், கந்துக்கும், தோட்டை அடகு வைப்பதற்கும் போகிறார்கள். அந்த ஆறு மாதத்தில் பிள்ளைக்குச் சொல்லித் தருவது என்ன? மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதை. வரையச் சொல்லித் தருவதில்லை. பொத்தான் அடுத்த வருஷம் இடம் மாறிவிடும். தவணை மாறாது. இதுதான் இந்தக் காலத்துக் கட்டைவிரல்.

4

திட்டத்துக்கு வருவோம். முதலில் நேரக் கணக்கு. காலை எட்டரைக்கு உள்ளே போய் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு எவ்வளவு நேரம் மிஞ்சும்? வேலை நாளில் ஐந்து நாள் தலா ஒரு மணி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணி. வாரத்துக்கு 9 மணி நேரம். பண்டிகைக்கும் காய்ச்சலுக்கும் இரண்டு வாரம் கழித்தால் வருஷத்துக்கு 450 மணி நேரம். இது அற்பமல்ல. ஆனால் சிதறவிட்டால் ஒன்றுமில்லாமல் போய்விடும். நான்கு பங்காகப் பிரிக்கலாம்.

முதல் மூன்று மாதம் கோடும் பெட்டியும். ஸ்கேல் இல்லாமல் நேர்கோடு. பிறகு பெட்டி, உருளை, கூம்பு. உலகத்தில் இருக்கிற எல்லாப் பொருளும் இவற்றுக்குள் அடங்கும். பவர் டேபிள் ஒரு பெட்டி, நூல்கோன் ஒரு கூம்பு. பெர்ஸ்பெக்டிவ் கற்பதற்கு வெளிநாட்டுக் கோபுரப் படம் தேவையில்லை. கம்பெனியில் வரிசையாகப் போட்டிருக்கிற தையல் மிஷின்களை ஒரு முனையில் நின்று பார்த்தால் எல்லாக் கோடுகளும் எதிர்ச் சுவரில் ஒரே புள்ளிக்கு ஓடும். அதுதான் ஒற்றைப்புள்ளிப் பெர்ஸ்பெக்டிவ். லைன் வீட்டின் மூலையில் நின்றால் இரண்டு புள்ளி. கண் மட்டம் எங்கே இருக்கிறதோ அங்கே அடிவானம். நின்று பார்க்கிற மேஸ்திரிக்கும் உட்கார்ந்து கைமடிக்கிற பெண்ணுக்கும் அடிவானம் வேறு வேறு. இதைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி அரசியல் தானாகவே விளங்கும்.

இரண்டாவது மூன்று மாதம் உடம்பு. அரை நிமிஷத்தில் ஓர் உடம்பின் அசைவைப் பிடிக்கிற பயிற்சி தினமும் இருபது. பிறகு எலும்பு, மூட்டு, தசை. ஆண்ட்ரூ லூமிஸ் 1943இல் எழுதிய உருவ ஓவியப் புத்தகத்தை உலகம் முழுக்க வைத்துப் படிக்கிறார்கள், நாமும் படிக்கலாம். அதில் எட்டுத் தலை உயரமுள்ள ஓர் 'இலட்சிய' உடம்பு வரும். அந்த அளவுகோலை எடுத்துக்கொள்ளுங்கள், இலட்சியத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். பதினைந்து வருஷம் ஓவர்லாக் தைத்த அக்காவின் கழுத்து எந்தக் கோணத்தில் வளைந்திருக்கிறது? பேல் தூக்குகிற அண்ணனின் தோள் எப்படி இறங்கியிருக்கிறது? இதை எந்தப் புத்தகமும் சொல்லித் தராது. உங்கள் பக்கத்து மிஷினில் இருக்கிறது பாடம்.

மூன்றாவது மூன்று மாதம் வெளிச்சமும் நிறமும். முதல் ஒரு மாதம் கருப்பு வெள்ளை மட்டும். நிழல் சரியாக இருந்தால் எந்த நிறமும் நிற்கும், நிழல் தப்பென்றால் எந்த நிறமும் காப்பாற்றாது. இந்தப் பாடத்தில் பிரிண்டிங் பட்டறைத் தொழிலாளி கல்லூரி மாணவரைவிட முன்னால் நிற்கிறார். ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்கிரீன், நிறம் கூடினால் செலவு கூடும், மூன்றே நிறத்தில் டிசைன் முடிக்க வேண்டும் என்கிற கட்டுப்பாடு அவருக்குத் தினசரிப் பிழைப்பு. அப்புறம் தோல் நிறம். கலர் பென்சில் டப்பாவில் 'தோல் நிறம்' என்று ஒரு வெளிர்ச்சிவப்பு இருந்ததே, யாருடைய தோல் அது? கருத்த தோல் என்பது வெளுத்த தோலில் கருப்பைக் கலந்தது அல்ல. அதில் வெளிச்சம் பட்ட இடம் பளீரென்று மின்னும், வானத்து நீலம் கன்னத்தில் தெரியும், மாலை வெயிலில் செம்பாகும். நம் தோலை நாம்தான் வரையக் கற்க வேண்டும்.

கடைசி மூன்று மாதம் உலகம் செய்வது. ஒரு கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறு வருஷம் கழித்து நொய்யல் கரையில் நம் தெரு எப்படி இருக்கும்? சாதி ஒழிந்த ஒரு கிராமத்தில் குளம் எங்கே இருக்கும், சுடுகாடு எங்கே இருக்கும்? பறையை மையமாக வைத்து ஒரு படைவீரனுக்கு உடை எப்படி இருக்கும்? முதலில் பெரியவர்களைக் கேட்டு, பழைய படங்களைப் பார்த்து, பொருளைத் தொட்டுப் பார்த்துத் தகவல் சேர்க்க வேண்டும். பிறகு சின்னச் சின்னதாக ஐம்பது படம். இந்தச் சின்னப் படத்துக்குத் தொழிலில் 'தம்ப்நெயில்' என்று பேர், கட்டைவிரல் நகம் என்று அர்த்தம். துரோணன் வெட்டிக்கொண்டு போனதை இங்கே திரும்ப முளைக்க வைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதில் மூன்றைத் தேர்ந்து, அதில் ஒன்றை முழுசாக முடித்து, அதே பொருளை முன்பக்கம், பக்கவாட்டு, பின்பக்கம் என்று வரைய வேண்டும். ஒரு தச்சர் அந்தத் தாளைப் பார்த்து அதைச் செய்ய முடிந்தால் நீங்கள் கான்செப்ட் ஆர்ட்டிஸ்ட்.

செலவு? பென்சில் காசு. கட்டிங் செக்‌ஷனில் தூக்கிப் போடுகிற மார்க்கர் பேப்பரின் பின்பக்கம் போதும். முதல் ஆறு மாதம் கம்ப்யூட்டர் வேண்டாம். அதன் பிறகும் காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. 'கிரிட்டா', 'பிளெண்டர்', 'கிம்ப்' மூன்றும் இலவசம். கூட்டாக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கினால் நாலு பேருக்கு ஆகும். காகிதத்தில் ஒரு அத்தாட்சி வேண்டுமென்றால் அரசுத் தேர்வுத்துறை நடத்துகிற டெக்னிக்கல் தேர்வு இருக்கிறது. ஃப்ரீஹேண்ட், மாடல் டிராயிங், லோயர், ஹையர் என்று பல தலைமுறை ஓவிய ஆசிரியர்கள் எழுதி வந்த தேர்வு. எந்தக் கல்லூரி வாசலையும் மிதிக்காமல் எழுதலாம்.

இரண்டு நிபந்தனைகள். தனியாகப் படிக்கலாம், தனியாகத் திருத்திக்கொள்ள முடியாது. ஞாயிறு மாலை நாலைந்து பேர் கூடி ஒருவர் படத்தை மற்றவர் பார்க்க வேண்டும். 'சூப்பர் தலைவா' என்பது விமர்சனம் அல்ல. 'இடது கால் தரையில் நிற்கவில்லை, அந்தரத்தில் தொங்குது' என்பது விமர்சனம். இரண்டாவது, மேலே போட்ட 9 மணி நேரம் ஆம்பளைக் கணக்கு. ஷிப்ட் முடிந்து வந்து உலை வைக்கிற பெண்ணுக்கு, ஞாயிற்றுக்கிழமை முழுக்கத் துவைக்கிற பெண்ணுக்கு, மில் ஹாஸ்டலில் வெளியே போக அனுமதிச் சீட்டு வாங்குகிற பிள்ளைக்கு அந்த 9 மணி எங்கே இருக்கிறது? வீட்டு ஆண்கள் துணி துவைத்தால் கிடைக்கும். வேறு வழியில் கிடைக்காது. துவைக்காத தோழர் படிப்புவட்டம் நடத்துவது இன்னொரு துரோணர் வேலை.

5

இயக்கப் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஏப்ரல் 14 வந்தால் வரைகிற தம்பிக்கு ஆள் அனுப்புகிறோம். ராத்திரி முழுக்கச் சுவரில் பாபாசாகேப் படம் வரைகிறான். டீயும் பன்னும் கொடுக்கிறோம். அடுத்த ஏப்ரல் வரை அவனை மறந்துவிடுகிறோம். அதே போட்டோ, அதே கண்ணாடி, அதே கோட்டு. அதற்கு மேல் அவன் கற்க வேண்டும் என்று நாமும் கேட்டதில்லை, வழியும் செய்ததில்லை. கவிதைக்குப் பக்கம் ஒதுக்கினோம், கட்டுரைக்கு ஒதுக்கினோம். ஓவியன் மட்டும் இடத்தை நிரப்பக் கோட்டுச்சித்திரம் போட்டுத் தருகிற ஆளாகவே இருக்கிறான்.

அமெரிக்கக் கருஞ்சிறுத்தைகள் அப்படி நினைக்கவில்லை. எமரி டக்ளஸ் சின்ன வயதில் சீர்திருத்த இல்லத்து அச்சுக்கூடத்தில் தொழில் பழகியவர், பிறகு சிட்டி காலேஜில் வணிக ஓவியம் படித்தவர். 1967இல் கட்சிக்கு வந்தார். அவரைக் கலாச்சார அமைச்சராகவே ஆக்கினார்கள். பத்திரிகைக்குக் காசில்லை. கருப்போடு இன்னொரு நிறம், அவ்வளவுதான். அந்த இரண்டு நிறத்தில் அவர் வரைந்த தாய்மார்களும் பிள்ளைகளும் தெருத்தெருவாகச் சுவரில் நின்றார்கள். அச்சுக்கூடத்துப் பையன் ஒரு மக்களின் முகத்தை உருவாக்கினான் என்றால் திருப்பூர்ப் பிரிண்டிங் பட்டறைப் பையனால் ஏன் முடியாது?

நம் பக்கத்திலேயே ஆள் உண்டு. பேஷ்வாக்கள் ஆட்சியில் தீண்டப்படாதவர் துப்புவதற்குக் கழுத்தில் மண் கலயமும், காலடித் தடத்தை அழிக்க இடுப்பில் துடைப்பமும் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் எழுதினார். அந்தக் கலயத்தையும் துடைப்பத்தையும் கண்ணை விட்டு அகலாதபடி வரைந்தவர் நாக்பூரில் 1961இல் பிறந்த தலித் ஓவியர் சவி சவர்க்கர் (பெயரைப் பார்த்து மிரள வேண்டாம், இவர் வேறு). படித்தபோது தகவலாக இருந்தது, பார்த்தபோது கழுத்தில் கனத்தது.

கடைசியாக ஒரு வாதம் வரும். "இப்பத்தான் மிஷினே வரையுதே, இனி எதுக்குப்பா பழகணும்?" 2022க்குப் பிறகு ஒரு வரி எழுதிக் கொடுத்தால் படம் போட்டுத் தருகிற செயற்கை அறிவு வந்துவிட்டது உண்மைதான். பட்டறை முதலாளிக்கு அதில் குஷி. அந்த மிஷின் எங்கே படித்தது? உலகத்து ஓவியர்கள் வலையில் போட்டு வைத்த படங்களை அவர்களைக் கேட்காமல் எடுத்துப் படித்தது. 2023 ஜனவரியில் அமெரிக்காவில் மூன்று ஓவியர்கள் இதற்காக வழக்குப் போட்டார்கள். துரோணனாவது கேட்டு வாங்கினான். இவர்கள் கேட்கவே இல்லை. இன்னொன்று, அந்த மிஷின் ஏற்கெனவே வரையப்பட்டதைக் கலந்துதான் தரும். வரையப்படாத தெருவை எங்கிருந்து எடுக்கும்? நம்மை யாரும் வரையவில்லை அல்லது தப்பாக வரைந்தார்கள் என்றால் மிஷினும் நம்மை விட்டுவிடும் அல்லது தப்பாகவே வரையும். அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கவாவது கண் பழகியிருக்க வேண்டாமா? கிட்டிய கருவியைப் பயன்படுத்துவது வேறு, பழகாத கையோடு கருவியிடம் சரணடைவது வேறு. வேலைச் சந்தை நாளைக்கு எப்படி இருக்கும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. சென்டர்காரர்கள்தான் உத்தரவாதம் விற்கிறார்கள். நாம் சொல்வது வேறு. பார்க்கத் தெரிந்த கண்ணையும் தான் நினைத்ததைக் காகிதத்தில் நிறுத்தத் தெரிந்த கையையும் எந்த முதலாளியும் டேமேஜ் என்று கழித்துவிட முடியாது.

எனவே தோழர்களே, மாணவர் அமைப்புகளில் இருக்கிறவர்களும் தெருவில் இரவுப் பாடசாலை நடத்துகிறவர்களும் ஒரு அறை, ஒரு குண்டு பல்பு, ஒரு கட்டு மார்க்கர் பேப்பர் ஏற்பாடு செய்யுங்கள். நாலு பேர் போதும். கை வருகிறவர், கை வராதவர் என்று பிரிக்காதீர்கள், அந்தப் பிரிவினையை ஒழிக்கத்தான் கூடுகிறோம். குத்துவிளக்கு வேண்டாம், சிறப்பு விருந்தினர் வேண்டாம். முதல் வாரத்துக்கு வேலை இதுதான்: ஸ்கேல் தொடாமல் நூறு பெட்டி. கோணலாகத்தான் வரும். ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி போட்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்துக்கொண்டு வாருங்கள்.